"நல்ல புத்தகம் ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மாற்றலாகிக் கடலூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறதாம், மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. பத்து வயதில் ஒரு மகள், மூட்டுவலியோடு மாமியார், கல்லூரி முடித்ததோடு வாசிப்பை விட்டுவிட்ட இவர், ஆக மூன்று பேர். பொது நூலகத்தில் சேர்ந்தால் பிரயோஜனம் உண்டா, யாருக்கு எதை எடுப்பது, நிகழ்ச்சி ஏதாவது நடக்குமா, இல்லை எல்லாவற்றுக்கும் புதுச்சேரிக்குத்தான் பஸ் ஏற வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கடலூர் மாவட்டத்தில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டோடு புதுச்சேரியில் இருக்கிறேன், அதனால் இரண்டு ஊர் நூலகங்களும் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேருங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அடையாள அட்டை நகல், காப்புத்தொகை, சின்னதாக ஒரு சந்தா, இவ்வளவுதான். எல்லாம் சேர்ந்தாலும் கடையில் ஒரு நாவல் வாங்கும் காசு ஆகாது. அதோடு, நீங்கள் ஏற்கனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்ந்து போகிறது. வாடகை வீடு என்றால் உங்கள் வீட்டுக்காரர் கட்டுகிறார், அவர் அதை எங்கிருந்து எடுக்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னால் நின்றவர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் பக்கத்து ஊரான சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியார், நூலகரான கதை தனிக்கதை, அது இப்போது வேண்டாம்.

சரி, எதை எடுப்பது. இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் அதிகம் கேட்டது "சார், நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க" என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல எந்த நூலகராலும் முடியாது. ஆரம்பத்தில் நானும் எனக்குப் பிடித்த தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டுவேன். இரண்டு வாரம் கழித்து, நடுவில் பிரித்த அடையாளமே இல்லாமல், கொடுத்தபடியே திரும்பி வரும். வாங்கிப் போனவருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அப்புறம் அவர் நூலகத்துக்கே வரமாட்டார். இப்படி நானே விரட்டிய வாசகர்கள் சிலர் உண்டு.

பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "கடைசியாகப் பாதியில் மூடிவைத்த புத்தகம் எது, எந்த இடத்தில் மூடினீர்கள்?" என்று கேட்பேன். இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். ஒரு அம்மா, பொன்னியின் செல்வனை முதல் பாகத்திலேயே விட்டுவிட்டேன், யார் யாருக்குச் சொந்தம் என்று மறந்துபோகிறது என்றார். அவருக்குச் சரித்திரம் பிடிக்காமல் இல்லை, சமையலுக்கும் டியூஷனுக்கும் நடுவில் படிக்கிறவருக்கு அத்தனை பேரை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரே உட்காரலில் முடிகிற சிறுகதைகளைக் கொடுத்தேன், வரிசையாக எடுத்துப் போனார். அதனால் நீங்களும் நூலகரிடம் போய், பிடித்ததைச் சொல்வதோடு பாதியில் விட்டதையும் சொல்லுங்கள். பிடித்ததைச் சொல்லும்போது ஆட்கள் கொஞ்சம் பெருமைக்குச் சொல்வார்கள். விட்டதைச் சொல்லும்போது பொய் வராது.

நூலகர் வேலையாக இருக்கிறார், கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் இன்னொரு வழி. உள்ளே போனதும் அலமாரிக்குப் போகாதீர்கள். திரும்பி வந்த புத்தகங்களை ஒரு மேசையிலோ பெஞ்சிலோ குவித்து வைத்திருப்பார்கள், அடுக்க நேரமில்லாமல். அங்கே நில்லுங்கள். அந்தக் குவியல்தான் உங்கள் ஊர் இந்த வாரம் படித்தது. ஒன்றைக் கையில் எடுத்து அட்டையைத் திருப்பினால் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ரப்பர் ஸ்டாம்பில் தேதி தேதியாக, சாய்ந்தும் நேராகவும், ஊதா மை கலைந்தும் கிடக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு புதுப் புத்தகங்களில் இது குறைந்துவிட்டது, பழையதில் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முத்திரை வீதம் சீட்டு நிரம்பி, அதன் மேலேயே இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பத்து வருஷத்தில் மூன்று முத்திரை என்றால் யோசியுங்கள். ஆனால் அந்த மூன்றும் அடுத்தடுத்த தேதிகளாக இருந்தால் அதையும் எடுங்கள், யாரோ ஒருத்தர் விடமாட்டாமல் திரும்பத் திரும்பப் புதுப்பித்திருக்கிறார் என்று அர்த்தம்.

அலமாரிக்குப் போனால் முதுகில் எண்கள் இருக்கும், மிரளாதீர்கள். ரங்கநாதன் செய்த கோலன் வகைப்பாட்டில் ஆங்கில எழுத்து 'O' என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், அதற்கப்புறம் வருகிற 1 கவிதை, 2 நாடகம், 3 கதை. ஆக O 31,3 என்று பார்த்தால் தமிழ் நாவலும் சிறுகதையும். இதைத் தெரிந்துகொண்டால் யாரையும் கேட்காமல் நேராகப் போய் நிற்கலாம்.

இனி உங்கள் வீட்டு மூன்று பேருக்கும்.

உங்களுக்கு முதலில். வாசிப்பை விட்டுப் பல வருஷம் ஆனவர்கள் நாவலில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. சிறுகதையில் தொடங்குங்கள், அதுவும் இந்த ஊர்க்காரர்களின் கதையில். நீங்கள் தினமும் கடந்து போகிற திருப்பாதிரிப்புலியூரில்தான் 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தார். எல்லோரும் திருநெல்வேலி என்பார்கள், வளர்ந்ததும் படித்ததும் அந்தப் பக்கம்தான், ஆனால் பிறந்தது இங்கே. 'செல்லம்மாள்' படியுங்கள். பட்டணத்தில் நோயாளி மனைவியோடு தனியாக இருக்கிற ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் கதை. ராத்திரி படிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். அதற்கு மாற்றாகச் சிரிக்க வேண்டுமென்றால் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'.

அடுத்து ஜெயகாந்தன். 1934இல் கடலூரில் பிறந்தவர். 'யுகசந்தி' என்ற கதையில் கௌரிப் பாட்டி நெய்வேலியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள். விதவையான பேத்தி நெய்வேலியில் டீச்சர், அவள் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள் என்ற சேதி வீட்டுக்கு வருகிறது, அப்பனும் ஆத்தாளும் கொதிக்கிறார்கள், தானும் விதவையாகவே வாழ்ந்து மொட்டையடித்துக்கொண்ட அந்தப் பாட்டி என்ன செய்தாள் என்பதுதான் கதை. மாற்றலாகி வந்து இந்த ஊர் இன்னும் ஒட்டாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இதைப் படித்துவிட்டு நெய்வேலி பஸ் வந்து நிற்பதைப் பாருங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படி ஓடட்டும். அப்புறம் நாவலுக்கு வரலாம், கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'. விருத்தாசலம் பக்கத்துக்காரர், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். முந்திரிக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தியை வாழ்க்கை எப்படியெல்லாம் புரட்டியெடுக்கிறது என்று அப்படியே பேச்சு மொழியில் எழுதியிருப்பார். முதல் இருபது பக்கம் சில சொற்கள் இடறும். இவரே 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று இந்தப் பகுதிச் சொற்களுக்கு ஒரு அகராதியும் தொகுத்திருக்கிறார், பார்வை நூல் அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்த உங்களுக்குக் காய்கறிக்காரம்மா பேசுவது பாதி புரியவில்லை என்றால் அதற்கும் உதவும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இன்னொன்று, 1994இல் வந்தது. வீடு வீடாக அழுக்கெடுத்து, படி வாங்கிப் பிழைக்கிற ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் கதை. கனமான புத்தகம், அவசரமில்லை.

கதையே வேண்டாம், ஊரைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் சுந்தர சண்முகனாரின் 'கெடிலக் கரை நாகரிகம்'. கடலூர் புதுவண்டிப்பாளையத்தில் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்த தமிழாசிரியர். ஒரு சின்ன ஆற்றுக்கு இவ்வளவு பெரிய புத்தகமா என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்தேன். எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஊர் வழியாக வருகிறது, கரையில் எந்தக் கோயில், யார் பாடியது என்று மனிதர் விடுவதாயில்லை. முழுதும் படிக்க வேண்டியதில்லை, உங்கள் ஊர்ப் பெயர் வருகிற பக்கத்தை மட்டும் புரட்டினாலும் போதும்.

மகளுக்கு. ஆங்கில காமிக்ஸ் படிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவளிடம் "தமிழ்ப் புத்தகம் படி" என்று கொடுத்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். முதலில் நீங்கள் படித்துக் காட்டுங்கள், அவள் கேட்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட மெல்லிய படப் புத்தகங்கள் சிறுவர் பிரிவில் இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு வரி, பயப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்து மெதுவாக 'டோட்டோ-சான்' தமிழ் மொழிபெயர்ப்புக்கு வரலாம். ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தை எந்தக் குழந்தையும் விடாது. என் கிளையில் இருந்த பிரதி முதுகு பிய்ந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடியும் பிய்ந்து, கடைசியில் நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தோம். இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது வாங்கியது, 2014இல். கடலூரில் தலைமையாசிரியராக இருந்தவர் எழுதியது. அவருடைய 'ஆயிஷா'வை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். நல்ல கதை, வாத்தியார்களெல்லாம் படிக்க வேண்டியது, ஆனால் முடிவு பத்து வயதுக்கு அதிகம். இன்னும் மூன்று வருஷம் போகட்டும்.

மாமியாருக்கு எழுத்தாளர் லட்சுமியின் நாவல்கள் பிடிக்கும் என்றால் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' எடுங்கள். நீலகிரியில் படகர் குடும்பம் ஒன்றின் தலைமுறைக் கதை, குடும்பக் கதை பிடிக்கிறவர்களுக்குப் பழகிய நடையில், தெரியாத ஓர் ஊரைக் காட்டும். எடுக்கும்போது எழுத்து எந்த அளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாவலுக்குப் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று இரண்டும் இருக்கலாம். பழையதில் பொடி எழுத்து, தாள் வேறு பழுத்துப்போயிருக்கும்.

அவரால் படியேற முடியாது என்றால் 'நூலக நண்பர்கள்' திட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2022 கடைசியில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. வரமுடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போவார்கள். உங்கள் பகுதிக்கு ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நீங்களே அந்தத் தன்னார்வலராகச் சேரலாம். எப்படியும் மாமியாருக்கு எடுக்கப் போகிறீர்கள், தெருவில் இன்னும் இரண்டு பெரியவர்களுக்கும் சேர்த்து எடுத்தால் பை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்ட் 12 நூலகர் தினம், மே மாதம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை, ஓவியம், சதுரங்கம் என்று கோடை முகாம். இது போக வாசகர் வட்டம் என்று ஒவ்வொரு நூலகத்திலும் ஓர் அமைப்பு இருக்க வேண்டும், சில இடத்தில் உயிரோடு இருக்கும், சில இடத்தில் பெயர்ப்பலகையில் இருக்கும்.

உள்ளதைச் சொல்கிறேன், விழாக்களில் பாதி பொன்னாடையிலேயே போய்விடும். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்று ஆறு பேர் பேசி முடிக்கும்போது, பரிசு வாங்க வந்த பிள்ளை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நானே அப்படி விழாக்கள் நடத்தியவன்தான், மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. என் அனுபவத்தில் நின்று பிடித்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம், மைக் இல்லை, நாற்காலியை வட்டமாகப் போட்டு, ஒருவர் ஒரு சிறுகதையை இருபது நிமிடம் சத்தமாக வாசிப்பார், பிறகு யாருக்கு என்ன தோன்றியதோ பேசலாம். தொடங்கியபோது ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பேப்பர் படிக்க வந்தவர்கள், எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பிறகு எங்கள் நிரந்தர வாசிப்பாளர் ஆனார். ஸ்டாப் பெயர் கத்திப் பழகிய குரல், கடைசி நாற்காலி வரை கேட்கும். உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் தூங்கினால், போய் நூலகரிடம் இதைச் செய்யலாமா என்று கேட்டுப்பாருங்கள். இடம் கொடுப்பதைத் தவிர அவருக்கு இதில் செலவு கிடையாது.

நீங்கள் கேட்ட புத்தகம் இல்லையென்றால் முணுமுணுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வாசகர்கள் விரும்பும் புத்தகத்தை எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கும், அதில் எழுதுங்கள். உடனே வராது. ஆனால் ஒரே பெயர் நான்கு கையெழுத்தில் இருந்தால் கொள்முதல் சமயத்தில் எங்களுக்குப் பேச ஒரு ஆதாரம் கிடைக்கும். இந்த நோட்டு வெறுமையாகக் கிடக்கிற நூலகத்துக்கு யாரோ தீர்மானித்த புத்தகங்கள்தான் வந்து சேரும்.

இப்போது புதுச்சேரி. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் உங்கள் தினசரி வாசிப்புக்கு அது தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள், வேறு காரணத்துக்காக. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிற ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. 1915இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு எழுத்தாளரின் பெயர். காந்தியைப் பற்றியும் ராமகிருஷ்ணர், விவேகானந்தரைப் பற்றியும் புத்தகம் எழுதியவர், எனவே பெயர் சும்மா வைத்ததில்லை. ஞாயிறன்று திறந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து 1736 முதல் 1761இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதியவர். தேவனாம்பட்டணம் சண்டையெல்லாம் அதில் வரும், நீங்கள் சாயங்காலம் மகளோடு காற்று வாங்கப் போகிற அதே கடற்கரைதான். நாட்குறிப்பை நேராகப் படிப்பது கஷ்டம், அந்தக் காலத்து வாசகம், நிறுத்தமில்லாமல் ஓடும். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' படியுங்கள், அந்தக் காலத்துப் புதுச்சேரியைக் கதையாக்கியது, அதன் தொடர்ச்சி 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. படித்துவிட்டு அந்த வீதியில் நடந்தால் வேறு மாதிரி இருக்கும். அப்படியே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீடு, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு, இரண்டையும் மகளுக்குக் காட்டலாம். பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள், மூன்று வாரம்போல. திரும்பி வரும் பஸ்ஸில் இதை மகளிடம் சொல்லுங்கள், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று கேட்டுத் துளைப்பாள், தயாராக இருங்கள்.

சொந்தமாக வாங்க நினைத்தால் ஜூன், ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரும் வரை பொறுங்கள். போனில் படிக்கிற பழக்கம் இருந்தால் புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகத் தேடலாம்.

கடைசியாக ஒரு விஷயம், இது என் சொந்தக் கோபம். மழைக்காலத்தில் புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது நான் இருந்த கிளையின் கூரை ஓடு பறந்துபோய், சிறுவர் அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. ஓடு ஒழுகுகிறது என்று அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தோம், பதில் வரவில்லை. கரண்ட் திரும்ப எத்தனையோ நாள் ஆனது, மின்விசிறி இல்லை. பழைய தினத்தந்தியைக் கிழித்துப் பக்கத்துக்குப் பக்கம் சொருகி, மேலே செங்கல் வைத்துக் காயவைத்தோம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து பக்கம் பிரித்துக் கொடுத்தார்கள், பிரிக்கும்போதே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள், வேலை நடக்காது. நனைந்த புத்தகத்தை அவசரப்பட்டுப் பிரித்தால் எழுத்து எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் இரண்டு பக்கமும் போச்சு. உங்கள் கையில் ஏதாவது நனைந்தால் வெயிலில் விரித்துப் போடாமல், தாள் சொருகி நிழலில் வைத்து, நூலகரிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். திட்டமாட்டார்.

முதல் நாள் போகும்போது மகளையும் கூட்டிப்போய், விண்ணப்பத்தில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கிளை நூலகம் என்றால் அன்று பூட்டியிருக்கும்.